சாவியைப் பிடுங்க வைத்த கேம்ஷாஃப்ட் சென்சார்

போன வாரம் என் கார்ச் சாவியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

போலீஸ் இல்லை. என் வீட்டுக்காரர் செந்தில்தான். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்த கொக்கியிலிருந்து சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “திங்கக்கிழமையில இருந்து ஆக்டிங் டிரைவர் வாராரு. நீ பின்னால உக்காந்து போயிட்டு வா” என்றார். தண்ணீர் கேன் வருகிற நாளைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக!

நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். சங்ககிரி ரோட்டில் ஒரு வைக்கோல் லாரியை ஓவர்டேக் செய்யத் தைரியமில்லாமல், அதன் பின்னாலேயே ஊர்ந்து ஊர்ந்து சேலம் போய்ச் சேர்ந்த கதையை முன்பு எழுதியிருந்தேன். எத்தனை பேர் ஆறுதல் சொன்னீர்கள்! அந்தக் கார்தான். அந்தச் சாவிதான்.

சனிக்கிழமைதோறும் ஓமலூரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவேன். பஸ்ஸில் போனால் திருச்செங்கோட்டிலிருந்து சேலம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். காரில் போனால்... நினைத்த நேரத்தில் கிளம்பலாம், நினைத்த இடத்தில் நிறுத்தி இளநீர் குடிக்கலாம், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்டபடி பாடலாம். பின்சீட்டில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு பாட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

எதற்காகப் பறிமுதல்? டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. எஞ்சின் படம் போட்டிருக்குமே, அது. கொஞ்ச நாளாகவே விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. கூடவே வண்டிக்கு ஒரு சோம்பேறித்தனம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். காலையில் ரொம்ப மோசம்.

உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ‘கேம்ஷாஃப்ட் பொசிஷன்’ என்று ஏதோ வந்தது. சென்சாரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் எரிந்தது. இன்னொரு சென்சார் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கியிருந்தேன். பின்னால் இருந்த செம்பருத்திச் செடி தொட்டியோடு குப்புற விழுந்தது. போதாதா? வீட்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிற ஆளில்தான் கோளாறு!

எங்களுடையது ரிக் வண்டி வீடு. ஊர் ஊராகப் போய் போர் போடுகிற லாரிகள்தான் எங்கள் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட்; கம்ப்ரசர் லாரி, இரும்புக் குழாய்கள், எண்ணெய் பேரல்கள். ஷெட்டுக்கு ராஜா என் மாமனார். சத்தீஸ்கரில் வண்டி படுத்துவிட்டால் டிரைவர்கள் அவரைத்தான் போனில் கூப்பிடுவார்கள். எந்த வண்டிக்கு எந்த எண்ணெய், எப்போது மாற்ற வேண்டும் என்பதில் அவர் சொல்வதுதான் சட்டம். இப்படி எஞ்சின் சத்தத்திலேயே வளர்ந்த ஆண்கள் நிறைந்த வீட்டில், “நான் சரியாத்தான் ஓட்டறேன்” என்று ஒருத்தி சொன்னால் யார் கேட்பார்கள்?

மாமாவும் டிரைவர் யோசனைக்கு ஆமாம் போட்டதுதான் எனக்கு வருத்தம். “நடு ரோட்டுல நின்னு போச்சுன்னா ஒத்தையா என்ன சாமி பண்ணுவ?” என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கவலைப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

கடைசி முயற்சியாக ஷகிலாவுக்கு போன் செய்தேன். காலேஜில் என்னோடு ஒரே பெஞ்ச். சேலத்தில் அவள் குடும்பத்துக்குக் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவள் வாப்பாவுக்குப் பிறகு கடை முழுக்க அவள் கையில். “ஒரே வண்டிக்கு ரெண்டாவது சென்சாரா? எடுத்துட்டு வாடி இங்க. யாரும் எதையும் கழட்டக் கூடாது” என்று உத்தரவு போட்டாள்.

சனிக்கிழமை செந்திலுக்கும் சேலத்தில் வேலை இருந்தது. அவரே ஓட்டினார். சங்ககிரி தாண்டி மேட்டில் ஏறும்போது... மஞ்சள் விளக்கு! எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

“ஏனுங்க, இப்ப நீங்கதான ஓட்டறீங்க?” என்றேன், முடிந்தவரை பணிவாக.

மனிதர் அசரவில்லை. “நீ ஓட்டி ஓட்டி வண்டிக்கு இந்தப் பழக்கம் ஆயிப்போச்சு.”

என்னையும் காரையும் ஷகிலா கடை வாசலில் இறக்கிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷகிலா போனட்டைத் திறக்கவே இல்லை. டீ வந்தது. அப்புறம் சமோசா வந்தது. அவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை, என் சின்ன நாத்தனாரின் புது வீட்டுக் கதை, காலேஜில் எங்களைப் படுத்திய வார்டன் கதை... வாசலில் மழை பெய்து ஓய்ந்தது. நாங்கள் ஓயவில்லை. பேச்சு முடிந்து எழுந்தபோது எஞ்சின் நன்றாக ஆறிப்போயிருந்தது. எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது அங்கேதான்! ஒர்க்‌ஷாப்புக்கு எப்போதும் வண்டி சூடாகப் போய்ச் சேரும். சோதித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு பெண்கள் வாய் ஓயாமல் பேசினால் வீட்டு வேலை கெட்டுப்போகும் என்கிறவர்கள் இதையும் கொஞ்சம் குறித்துக்கொள்ளட்டும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செருகினாள். அவளுடைய போனில் இரண்டு கோடுகள் ஓட ஆரம்பித்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

“இப்பவாவது கேம்ஷாஃப்ட்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ” என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். டைனிங் ஹாலுக்கு இரண்டு கதவு. ஒன்றில் ஆள் உள்ளே வருவார்கள், இன்னொன்றில் சாப்பிட்டவர்கள் வெளியே போவார்கள். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதே மாதிரி கதவுகள் உண்டு. புதுக் காற்று உள்ளே, எரிந்த புகை வெளியே. அவற்றின் பெயர் வால்வ். அந்தக் கதவுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடுகிற, மேடு மேடாக இருக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட்.

கூட்டம் குறைவாக இருந்தால் என்ன செய்வோம்? முதல் பந்தி முழுக்க எழுந்து போன பிறகு நிதானமாக உள்ளே வரும் கதவைத் திறப்போம். கூட்டம் நெருக்கினால்? கடைசி ஆள் கை கழுவப் போகும்போதே இந்தப் பக்கம் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். பழைய கார்களில் இந்த நேரம் ஒரே மாதிரி இருக்கும்; கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாது. இப்போது வருகிற கார்களில் கேம்ஷாஃப்டையே ஓட்டத்துக்கு நடுவில் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பிவிடுகிறார்கள். அதனால் டிராஃபிக்கில் ஊரும்போது ஒரு நேரம், மேட்டில் ஏறும்போது இன்னொரு நேரம். வால்வ் டைமிங்கை எஞ்சின் தானே மாற்றிக்கொள்கிறது!

அப்படியென்றால் சென்சார் எதற்கு? கேமின் முனையில் பள்ளமும் மேடுமாக ஒரு சக்கரம் சுற்றுகிறது. ஒவ்வொரு மேடும் தன்னைக் கடக்கும்போது ‘இதோ, இப்போது’ என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் சென்சாரின் வேலை. கீழே பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், கேம் ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வந்திருக்கிறது என்று கிராங்க் பக்கத்து சென்சார் சொல்லும். ஆனால் வந்தது தீப்பொறி வைக்கவா, புகையை வெளியே தள்ளவா? அதைச் சொல்ல கேம் சென்சார்தான் வேண்டும். அதோடு, ‘இவ்வளவு திருப்பு’ என்று கம்ப்யூட்டர் கேட்டபடி கேம் திரும்பியதா என்று பார்த்துச் சொல்வதும் அதுவேதான்.

“பச்சைக் கோடு கம்ப்யூட்டர் கேக்கறது. சிவப்பு, நெஜமா நடக்கறது. இப்ப ஸ்டார்ட் பண்ணி மிதி” என்றாள் ஷகிலா.

மிதித்தேன். பச்சைக் கோடு விருட்டென்று எழும்பியது. சிவப்பு? படுத்திருந்தது. பிறகு எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று ஏறியது. அது மேலே போய்ச் சேர்வதற்குள் பச்சை இறங்கிவிட்டது. மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே கதை.

“பாத்தியா! சென்சார் செத்துப்போயிருந்தா இந்தக் கோடே வராதுடி. அது ஒழுங்காத்தான் சொல்லுது, கேம் லேட்டாத் திரும்புதுன்னு. நீங்க என்ன பண்ணீங்க? சொன்னதையே கழட்டித் தூக்கிப் போட்டுட்டீங்க!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டில் இது புதிதா? பிரஷர் அதிகம் காட்டுகிறது என்று செந்தில் பிரஷர் பார்க்கும் மெஷினை மாற்றினார். எடை அதிகம் காட்டுகிறது என்று நான் எடை மெஷினை அட்டத்தில் தூக்கிப் போட்டேன். குறையைச் சொல்கிறவர்களை மாற்றிவிட்டால் குறை போய்விடும் என்று மனிதர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

“சரி, கேம் ஏன் லேட்டாத் திரும்புது? அதைத் திருப்பறது யாரு?” என்று கேட்டேன்.

அவள் சொன்ன பதிலில் எனக்குப் புல்லரித்தது. மோட்டார் இல்லை, கம்பி இல்லை. எண்ணெய்! எஞ்சினில் ஊற்றுகிறோமே, அதே எண்ணெய். கேமின் முனையில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டர் சொன்னதும் ஒரு குட்டி வால்வ் திறந்து, நூல் போன்ற சந்துகள் வழியாக எண்ணெய் உள்ளே பாய்ந்து, அதன் அழுத்தத்தில் கேம் திரும்புகிறது. எண்ணெய் என்றால் தேய்மானத்தைத் தடுக்க ஊற்றுவது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். அதற்கு உள்ளே இவ்வளவு பெரிய உத்தியோகம் இருப்பது யாருக்குத் தெரியும்?

பேசிக்கொண்டே ஷகிலா போனட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகம் மாறியது.

“மாலு, இது உன் வண்டிக்கான ஆயிலே இல்லையே. உன் வண்டிக்குத் தண்ணி மாதிரி மெல்லிசா ஊத்தணும். இது லாரிக்கு ஊத்தறது, வண்டி ஆறினா இன்னும் கெட்டிப்படும். இத்தனை கெட்டியா இருந்தா அந்தச் சந்துல எப்படிப் பாயும்? யாருடி ஊத்தினது?”

யார் ஊற்றியிருப்பார்கள்?

ஆயுத பூஜை! எங்கள் ஷெட்டில் அன்றைக்கு வெறும் சந்தனம் குங்குமத்தோடு விடமாட்டார்கள். ஊரில் நிற்கும் எங்கள் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் ஊற்றி, கழுவித் துடைத்து, பிறகுதான் மாலை. இந்த வருஷம் அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான் பஸ்ஸில் ஓமலூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ரிக் வண்டிகளின் வரிசையில், கடைசியில், என் குட்டிக் காரும் நின்றது. அதற்கும் பொட்டு, அதற்கும் செவ்வந்தி மாலை. எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா! மாமா அதற்கும் எண்ணெய் மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“உன் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லவா?” என்று ஷகிலா போனை எடுத்தாள்.

“ஐயோ, வேண்டாம்” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

செந்திலுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் ஷெட்டில் அதுதான் வேடிக்கைப் பேச்சு. ‘அப்பா காருக்கு ரிக் எண்ணெய் ஊத்திட்டாரு!’ எண்ணெய் விஷயத்தில் வட நாடு வரைக்கும் அதிகாரம் செய்கிற மனிதரைப் பார்த்து டிரைவர்களெல்லாம் சிரிப்பார்கள். சொன்னால் மாமாவின் முகம் வாடும். சொல்லாவிட்டால் என் சாவி போகும். என்ன செய்வது?

புது எண்ணெய் கேனையும் ஃபில்டரையும் ஷகிலா டிக்கியில் வைத்தாள். கோடுகள் ஓடுவதை என் போனில் வீடியோவாகப் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தீப்பெட்டியையும், “வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடு” என்று என் கையில் திணித்தாள். திரும்பும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்று செந்தில் கேட்டார். அவருக்கு அவர் கவலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனேன். மாமா கம்ப்ரசர் லாரிப் பக்கம் நின்றிருந்தார். சுற்றிலும் நாலைந்து டிரைவர்கள். தனியாகக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டினேன். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“இதென்ன அம்மிணி, ரெண்டு கோடு?”

“பச்சை, கம்ப்யூட்டர் கேக்கறதுங்க மாமா. சிவப்பு, கேமு திரும்பறதுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். “கேட்டதுக்கும் நடக்கறதுக்கும் இத்தன நேரமா? கேமத் திருப்பறது எது?”

இப்போது பொய் சொல்ல முடியுமா? “எண்ணெய்தானுங்க மாமா.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, என்னிடம் சொல்வதா தனக்கே சொல்லிக்கொள்வதா என்று தெரியாத குரலில், “ராஜஸ்தான்ல மார்கழிக் குளுருக்கு இப்படித்தான் ஆவும். விடியால லிவரத் தள்ளுனா ரிக்கத் தூக்கற ஜாக்கி ஏறவே ஏறாது. உள்ள ஹைட்ராலிக் எண்ணெய் கெட்டிப்பட்டுக் கெடக்கும். வெயில் வர்ற வரைக்கும் வண்டியச் சுத்தி உக்காந்திருப்போம்...” என்றார்.

பாதியில் நிறுத்திவிட்டார். நேராக என் காருக்குப் போனார். போனட்டைத் திறந்து குச்சியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நாந்தான் சாமி ஊத்துனேன்” என்றார். “ஒத்தையா ரோட்டுல போறயேன்னு... என்ற வண்டிக்கு ஊத்தறதுலயே ஒசந்த எண்ணெயாப் பாத்துத்தான் ஊத்துனேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், முந்தானையால் துடைத்துக்கொள்ளும் அளவுக்கே வந்துவிட்டது. நல்ல எண்ணெய்தானே ஊற்றினார்! தன் வண்டிக்குக் கொடுத்ததில் எது சிறந்ததோ அதை என் வண்டிக்கும் கொடுத்திருக்கிறார். காருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

“உடுங்க மாமா. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டுங்க. எண்ணெய நானே ஒர்க்‌ஷாப்புல மாத்திக்கறனுங்க” என்றேன் மெதுவாக.

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஷெட்டே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினார்.

“டேய் செந்திலு! இங்க வாடா. புள்ள ஓட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல. எண்ணெய மாத்தி ஊத்தி வண்டியக் கெடுத்தது நானு. நான் ஊத்துனத நானே எறக்கறேன். சாவியக் குடு அவகிட்ட!”

டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் ஓடிப்போய் ஸ்பேனர் எடுத்து வந்தார். செந்தில் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். வைக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

பழையதை இறக்கி, புதியதை ஊற்றும்போது மாமாவுக்கு மனசே ஆறவில்லை. “தண்ணியாட்டம் ஓடுது. இதப் போயி எஞ்சினுக்கு...” என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். வண்டி ராத்திரி முழுக்க ஆறட்டும், காலையில் பார்க்கலாம் என்றதும் அவர்தான்.

திங்கட்கிழமை காலை. நான் ஸ்டியரிங்கில். மாமா எனக்கு இடது பக்கம், இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு. மலையடிவாரத்துப் பக்கம் ரோடு காலியாக இருந்தது.

“மிதி சாமி!”

மிதித்தேன். வண்டி யோசிக்கவே இல்லை. பாய்ந்தது!

“ஒட்டிப்போச்சு! ரெண்டு கோடும் ஒட்டிப்போச்சு பாரு! பச்சை ஏறுனா சிவப்பும் ஏறுது... இன்னொருக்கா மிதி!” அவர் சீட்டில் குதிக்காத குறைதான். நானும் கத்தினேன். மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. பாலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். கல் மாதிரி இருக்கும் என் மாமனார் ஒரு கேம்ஷாஃப்டுக்காக இப்படிக் குதூகலிப்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காத்திருந்தார். ஆக்டிங் டிரைவர்! வர வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். செந்தில் தலையைச் சொறிந்தார்.

“வந்தவர எதுக்குத் திருப்பி அனுப்போணும்?” என்றார் மாமா, காரிலிருந்து இறங்கிக்கொண்டே. “நீ இன்னைக்கு நாமக்கல் போறயல்லடா? உன்ற வண்டிச் சாவிய அவருகிட்டக் குடுத்துட்டுப் பின்னால ஏறி உக்காரு.”

நான் அப்படியே ஓமலூருக்குக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை அம்மாவைப் பார்க்காமல் விட்டிருந்தேனே. வழியில் மூன்று முறை போன் அடித்தது. செந்தில்தான். பின்சீட்டில் போரடித்திருக்கும், பாவம்.

நான் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது நான் போன் பேசுவதில்லை.